இதயத்தில் புற்று, தோலில் முடிச்சு: ஒரு நோயின் வரலாறு

நுரையீரல் புற்றுநோய், வயிற்றுப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதயப் புற்றுநோய் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அநேகமாக இருக்காது. "இதயத்துக்குப் புற்றுநோய் வராது" என்று உறுதியாகச் சொல்பவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் வரும். மிக மிக அபூர்வமாக வரும். வந்தால் பெரும்பாலும் கொடூரமாக வரும்.

இன்னொரு ஆச்சரியம். இதயத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் புற்று, சில நோயாளிகளிடம் தோலில் ஒரு சிறு ஊதா நிற முடிச்சாகத் தலைகாட்டும். மார்புக்கூட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் நடக்கும் விஷயத்தைத் தலையிலோ முதுகிலோ இருக்கும் ஒரு கட்டி சொல்லிவிடும். மனிதன் இதைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை இரண்டாயிரம் ஆண்டு நீளமானது. தத்துவஞானி, கர்தினால், கன்னியாஸ்திரி, கப்பல் கட்டும் தளம் என்று எங்கெங்கோ சுற்றி வருகிறது அந்தக் கதை.

இதயத்துக்கு நோயே வராது!

கதையை அரிஸ்டாட்டிலில் இருந்து தொடங்கவேண்டும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் விலங்குகளின் உறுப்புகளைப் பற்றி எழுதிய அவர், உள்ளுறுப்புகளில் இதயம் மட்டும்தான் கடுமையான நோயைத் தாங்காது என்றார். மற்ற எல்லா உறுப்புக்கும் பலம் இதயத்திலிருந்து வருகிறது, அந்த மூலமே கெட்டுப்போனால் அதற்கு உதவ வேறு உறுப்பு ஏது என்பது அவர் வாதம். இதற்கு ஆதாரமும் காட்டினார். பலி கொடுத்த மிருகங்களை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் கல் இருக்கும், கட்டி இருக்கும், கல்லீரலிலும் நுரையீரலிலும் கோளாறு இருக்கும். இதயத்தில் மட்டும் அப்படி எதுவும் காணப்படுவதில்லை என்றார்.

அவர் பார்த்தது பொய்யில்லை. பலிக்குக் கொண்டுவரும் மிருகம் நடமாடக்கூடிய மிருகம். இதயம் கெட்டுப்போன மிருகம் பலிபீடம் வரை வந்திருக்காது. இன்று புள்ளியியல் மாணவன் இதை "தேர்வுப் பிழை" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவான். அன்று இதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கமும் பல நூற்றாண்டுகள் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆகவே இதயம் புனிதமான, நோய் அண்டாத உறுப்பு என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்தது.

கர்தினாலின் இதயத்தில் ஒரு முட்டை

1559-ல் வெனிஸ் நகரில் ஓர் உடற்கூறு நூல் வெளியானது. எழுதியவர் ரியால்டோ கொலம்போ. பதுவாவில் வெசாலியஸுக்குப் பிறகு உடற்கூறு கற்பித்தவர். பிறகு ரோமுக்குப் போனவர். ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்பக்கத்துக்கு வருகிறது என்று எழுதிய ஆரம்பகால ஐரோப்பியர்களில் ஒருவர். அவர் இறந்ததும் அதே 1559-ல்தான்.

அந்த நூலில், தான் அறுத்துப் பார்த்த உடல்களில் கண்ட விசித்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். ரோமில் ஒரு கர்தினாலின் இதயத்தில், இடது கீழறையில், முட்டை அளவுக்குக் கெட்டியான ஒரு கட்டியைப் பார்த்ததாக ஒரு குறிப்பு அதில் வருகிறது. இதயக் கட்டி பற்றிய முதல் எழுத்துச் சான்று என்று மருத்துவ வரலாற்றில் இதைத்தான் சொல்கிறார்கள்.

அது புற்றா, உறைந்த ரத்தமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அன்றும் முடியாது. நுண்ணோக்கி அப்போது இல்லை. இறந்தவர்களின் இதயத்தில் உறைந்த ரத்தம் சதைபோலத் திரண்டு கிடப்பது சாதாரணம். அதை "இதய பாலிப்" என்று சொல்லி, அது நோயா அல்லது சாவுக்குப் பின் உண்டானதா என்று நூறாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள். 1666-ல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிஜி இந்த பாலிப்கள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, இவை ரத்தம் உறைவதால் வருபவை என்று விளக்கினார்.

புற்று என்பது செல்களின் நோய் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. ஜெர்மனியின் யோஹானஸ் முல்லர் 1838-ல் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். அவர் மாணவர் ருடால்ஃப் ஃபிர்க்கோ அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். அதன்பிறகுதான் "இதயத்தில் இருப்பது உண்மையான புற்று" என்று சொல்ல வழி பிறந்தது. அப்போதும் அது பிரேதப் பரிசோதனை மேசையில்தான். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இதயப் புற்று என்று சொன்னவர் யாரும் இல்லை.

எவ்வளவு அபூர்வம்?

1945-ல் ஸ்ட்ராஸ், மெர்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பல மருத்துவமனைகளின் பிரேதப் பரிசோதனைக் கணக்குகளைத் திரட்டினார்கள். மொத்தம் 4,80,331 உடல்கள். அவற்றில் இதயத்திலேயே தோன்றிய கட்டிகள் 0.0017 சதவீதம். அதாவது லட்சம் பேரில் இரண்டு பேர்கூட இல்லை! பின்னால் வந்த கணக்குகள் இதைவிட அதிகம் சொல்கின்றன. 1996-ல் வெளியான ஒரு தொகுப்பு 0.02 சதவீதம் என்றது, அதாவது பத்தாயிரத்தில் இருவர். அதுவும் அபூர்வம்தான்.

அதிலும் நான்கில் மூன்று பங்கு ஆபத்தில்லாத கட்டிகள். பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா என்ற வழவழப்பான கட்டி. மீதி நான்கில் ஒரு பங்குதான் புற்று. அந்தப் புற்றுகளில் பெரும்பாலானவை சார்கோமா வகை. பெரியவர்களின் இதய சார்கோமாக்களில் முதலிடம் ஆஞ்சியோசார்கோமாவுக்கு. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஓடு பதித்ததுபோல ஒட்டியிருக்கும் எண்டோதீலியல் செல்கள் கெட்டுப்போவதால் வருவது இது.

இதயத்துக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். புற்று உண்டாக செல் பிரியவேண்டும். பிரியும் ஒவ்வொரு தடவையும் மரபணுவில் தவறு நேர வாய்ப்பு உண்டு. இதயத் தசைச் செல்களோ அநேகமாகப் பிரிவதே இல்லை. 2009-ல் ஸ்வீடன் நாட்டின் ஜோனாஸ் ஃப்ரிசன் குழு ஒரு வினோதமான வழியில் இதை அளந்தது. 1950, 60-களில் வானில் அணுகுண்டு சோதனைகள் நடந்தபோது காற்றில் கார்பன்-14 கூடியது. அது உணவு வழியே எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. இதயச் செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் பிறந்த காலம் தெரியும்! இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு 1 சதவீதத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன, எழுபத்தைந்து வயதில் அதுவும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது என்பது விடை.

ஆனால் இதயம் என்றால் தசை மட்டுமல்லவே. அதற்குள் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அறைகளின் உட்புறம் முழுக்க அதே எண்டோதீலியல் செல்கள். அவை தசைச் செல்லைவிட வேகமாகப் புதுப்பித்துக்கொள்பவை. இதயக் கோட்டையில் வாசல் திறந்திருப்பது இந்தப் பக்கத்தில்தான்.

விதையும் மண்ணும்

ஓரிடத்துப் புற்று இன்னோரிடத்துக்குப் போவதற்கு "மெட்டாஸ்டாசிஸ்" என்று பெயர். இந்தச் சொல்லைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ரெகாமியே, ஆண்டு 1829.

எப்படிப் பரவுகிறது, ஏன் சில உறுப்புகளில் மட்டும் பரவுகிறது என்ற கேள்விக்கு லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-ல் ஒரு விடை சொன்னார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். கல்லீரலுக்கும் ரத்தம் போகிறது, மண்ணீரலுக்கும் ரத்தம் போகிறது. ஆனால் புற்று கல்லீரலில்தான் அதிகம் வளர்ந்திருந்தது, மண்ணீரலில் சொற்பம். வெறும் ரத்த ஓட்டம்தான் காரணம் என்றால் இப்படி இருக்காதே? செடியின் விதை எல்லாத் திசையிலும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று ஓர் உவமை சொன்னார். "விதையும் மண்ணும்" என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

தோல், இதயத்துப் புற்றுக்கு அவ்வளவு பிடித்த மண் இல்லை. இதய ஆஞ்சியோசார்கோமா பரவும்போது முதலில் போகும் இடம் நுரையீரல். பிறகு கல்லீரல், எலும்பு, மூளை. தோலில் முளைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் நுரையீரலில் முளைத்ததை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. தோலில் முளைத்தால் நோயாளியே பார்த்துவிடுவார். வரலாற்றில் தோல் மெட்டாஸ்டாசிஸ் அதன் எண்ணிக்கையைவிடப் பெரிய இடத்தைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கன்னியாஸ்திரி கண்டுபிடித்த முடிச்சு

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். 1883-ல் ஒரு சூறாவளி அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. அடிபட்டவர்களைப் படுக்கவைக்க மருத்துவமனை கிடையாது. அங்கிருந்த பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் பணம் சேர்த்து, 1889-ல் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். மருத்துவம் பார்த்தது மேயோ குடும்பம். இன்று உலகப் புகழ்பெற்ற மேயோ கிளினிக் அப்படித்தான் வளர்ந்தது.

அந்த மருத்துவமனையில் சிஸ்டர் மேரி ஜோசப் டெம்ப்சி என்று ஒருவர் இருந்தார். அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்குப் பல ஆண்டுகள் அறுவை உதவியாளர். அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்வது அவர் வேலைகளில் ஒன்று. அப்படிச் சுத்தம் செய்யும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. சில நோயாளிகளின் தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு இருக்கும். அந்த நோயாளியின் வயிற்றைத் திறந்தால் உள்ளே புற்று ஏற்கெனவே பரவிப்போயிருக்கும். இது ஒன்றிரண்டு பேரிடம் அல்ல, திரும்பத் திரும்ப நடந்தது. அவர் அதை மேயோவிடம் சொன்னார். மேயோ 1928-ல் அதைப் பற்றி எழுதினார். 1949-ல் இங்கிலாந்தின் ஹாமில்டன் பெய்லி தன் பாடநூலில் இதற்கு "சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு" என்று பெயர் வைத்தார்.

மருத்துவத்தில் நோய்க்குறிகளுக்கு டாக்டர்கள் பெயர் வைப்பதுதான் வழக்கம். ஒரு செவிலியரின் பெயரில் இருக்கும் குறி இது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்க அவர் இல்லை. 1939-லேயே காலமாகிவிட்டார். அதே ஆண்டில் மேயோ சகோதரர்கள் இருவரும் இறந்தார்கள்.

தொப்புள் முடிச்சு வயிறு, குடல், கணையம், கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சூலகம் ஆகியவற்றின் புற்றைக் காட்டுவது. இதயத்துக்கும் அதற்கும் நேரடி சம்பந்தமில்லை. ஆனால் அது கற்பித்த பாடம் பெரிது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய எப்போதும் உள்ளே போகவேண்டியதில்லை, வெளியே வந்ததைக் கவனித்தாலே போதும். இடது காறையெலும்புக்கு மேலே நெறி கட்டினால் வயிற்றில் புற்று இருக்கலாம் என்று ஃபிர்க்கோ 1848-லேயே சொன்னதும் இதே வகைதான்.

1934: முதன்முறையாக, உயிரோடு இருக்கும்போதே

அதே ராச்செஸ்டரில், அதே மேயோ கிளினிக்கில், ஆர்லி பார்ன்ஸ் என்ற இதய மருத்துவர் இருந்தார். அவரும் பீவர், ஸ்னெல் என்ற இருவரும் சேர்ந்து 1934-ல் அமெரிக்க இதயவியல் இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு இதயத்திலேயே தோன்றிய சார்கோமா. இதை அவர் உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்திருந்தார்கள்.

எப்படி? இரண்டு தடயங்கள். ஒன்று இ.சி.ஜி. ஹாலந்து நாட்டின் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, அதற்காக 1924-ல் நோபல் பரிசும் வாங்கிய கருவி அது. இதயத் தசையில் ஏதோ கோளாறு என்று அது காட்டியது. ஆனால் என்ன கோளாறு என்று இ.சி.ஜி. சொல்லாது. இரண்டாவது தடயம் இதயத்துக்கு வெளியே இருந்தது. புற்று பரவிய ஒரு நிணநீர்க் கணு, அதாவது நெறிக்கட்டி. அதிலிருந்து சதை எடுத்து பயாப்சி செய்தார்கள். சார்கோமா என்று வந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்து இதயத்தைச் சுட்டினார்கள்.

அரிஸ்டாட்டிலிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல், கொலம்போவிலிருந்து 375 ஆண்டு. பிணவறையிலிருந்து இதயப் புற்று முதன்முறையாக வார்டுக்கு வந்தது. இதயத்தைத் தொடாமலே! விரல் வைத்துத் தடவக்கூடிய இடத்துக்கு அந்தப் புற்றே வந்துவிட்டதால்தான் இது சாத்தியமானது.

இங்கேதான் ஒரு கசப்பான விஷயம். புற்று வெளியே வந்து அடையாளம் காட்டுகிறது என்றால் அது பரவிவிட்டது என்று அர்த்தம். நோயைக் கண்டுபிடிக்க உதவிய அதே கட்டிதான், இனிக் குணமாக்குவது கடினம் என்பதற்கும் சாட்சி. 1934-ல் திறந்த இதய அறுவை கிடையாது, கீமோதெரபி கிடையாது. பெயர் தெரிந்தது, அவ்வளவுதான்.

கப்பல் தளத்திலிருந்து வந்த கருவி

அப்படியானால் பரவுவதற்கு முன்பே பார்க்க வழி வேண்டும். அந்த வழி ஸ்வீடனில் திறந்தது.

லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் ஒரு யோசனையில் இறங்கினார்கள். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கப்பல் கட்டும் தளத்தில் மீயொலிக் கருவி வைத்திருப்பார்கள். அதே ஒலியை மார்புக்குள் அனுப்பினால் இதயம் எதிரொலிக்காதா? 1953-ல் இதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்துவிட்டார்கள். இன்று தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டரில் எடுக்கும் எக்கோ பிறந்தது அப்படித்தான். 1959-ல் ஜெர்மனியில் இதே முறையில் இதய மேலறைக்குள் இருந்த கட்டியைக் கண்டார்கள்.

அறுவையும் அதே காலத்தில் முன்னேறியது. 1953-ல் பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து ஓர் அறுவையை வெற்றிகரமாக முடித்தார். அடுத்த ஆண்டே, 1954-ல், ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அந்த வகை இயந்திரத்தின் உதவியுடன் ஒரு பெண்ணின் இடது மேலறையிலிருந்த மிக்ஸோமாவை எடுத்தார். அவர் பிழைத்தார். இதயக் கட்டி என்றாலே மரணம் என்ற நிலை மாறியது.

ஆனால் மாறியது மிக்ஸோமாவுக்குத்தான். அது ஒரு காம்பில் தொங்கும் கட்டி, வெட்டி எடுத்தால் முடிந்தது. ஆஞ்சியோசார்கோமா அப்படி இல்லை. சுவருக்குள்ளேயே வேர்விட்டுப் பரவும்.

ரத்தக்குழாய்ப் புற்றின் தடம்

இதய ஆஞ்சியோசார்கோமா பெரும்பாலும் தோன்றுவது வலது மேலறையில். பள்ளிப் புத்தகத்தில் வலது ஆரிக்கிள் என்று படித்தோமே, அதுதான். வருவதும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள், உழைக்கிற பருவத்தில். ஆண்களுக்குச் சற்று அதிகம். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், இதய உறைக்குள் ரத்தம் கலந்த நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரை எடுத்துச் சோதித்தால் பல சமயம் புற்றுச் செல்லே கிடைக்காது. காசநோயாக இருக்குமோ, வைரஸாக இருக்குமோ என்று தேடுவதிலேயே மாதங்கள் போய்விடும்.

இதே புற்று உடம்பின் வேறு இடங்களில் வரும்போது அதன் காரணங்கள் சில தெரிந்திருக்கின்றன. 1948-ல் நியூயார்க்கில் ஸ்டூவர்ட், ட்ரெவ்ஸ் என்ற இருவர், மார்பக அறுவைக்குப் பிறகு பல ஆண்டுகள் கை வீங்கியே இருந்த ஆறு பெண்களுக்கு அந்தக் கையின் தோலில் இந்த வகைப் புற்று வந்ததை எழுதினார்கள். ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பளிச்சென்று காட்ட 1930-களில் பரவலாக ஏற்றிய தோரோட்ராஸ்ட் என்ற திரவம் கதிரியக்கம் கொண்டது. அது கல்லீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்து அங்கே ஆஞ்சியோசார்கோமாவை உண்டாக்கியது. குழாய்களைப் பார்க்கக் கொடுத்த மருந்தே குழாய்களின் புற்றைத் தந்தது! 1974-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரில் பி.வி.சி. பிளாஸ்டிக் ஆலைத் தொழிலாளர்கள் சிலர் இதே கல்லீரல் புற்றால் இறந்திருப்பதை ஆலையின் மருத்துவரே கவனித்தார். அதே ஆண்டு அங்கே காற்றில் இருக்கலாம் என்று அனுமதித்த வினைல் குளோரைடு அளவை 500-லிருந்து பத்து லட்சத்தில் 1 பங்காகக் குறைத்தார்கள்.

இதயத்துக்கு மட்டும் இப்படி ஒரு குற்றவாளி பல காலம் அகப்படவில்லை. 2015-ல்தான் ஒரு துப்பு. ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரே குடும்பத்தில் பலருக்கு இதய ஆஞ்சியோசார்கோமா வந்ததை ஆராய்ந்தார்கள். குரோமோசோமின் நுனியைக் காக்கும் POT1, அதாவது "பாட்-ஒன்று" என்ற மரபணுவில் பிழை இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய குடும்பங்களில் ஆரோக்கியமாக இருக்கும்போதே இதயத்தைப் படம் எடுத்துக் கண்காணிக்க ஒரு நியாயம் கிடைத்தது.

தோலுக்கு வரும் பாதை

வலது மேலறையில் பிறந்த செல் தோலுக்கு எப்படி வருகிறது? வரைபடம் போட்டுப் பார்த்தால் சுலபம். வலது மேலறை, வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல். நுரையீரலின் தந்துகிகள் மெல்லிய சல்லடை மாதிரி. பெரும்பாலான செல்கள் அங்கேயே சிக்கும். நுரையீரலில் அதிகம் பரவுவது அதனால்தான். சிக்காமல் தப்பியவையோ, நுரையீரலில் முளைத்த கட்டியிலிருந்து மறுபடி கிளம்பியவையோ இதயத்தின் இடப்பக்கம் வந்து, பெருந்தமனி ஏறி, உடம்பெங்கும் போகும். அதில் ஒன்று தோலில் இறங்கி முளைத்தால் சிவப்பாக அல்லது ஊதாவாக ஒரு முடிச்சு. லேசாக உரசினாலே ரத்தம் கசியலாம்.

இதில் டாக்டர்களை ஏமாற்றும் விஷயங்கள் நிறைய. ஊதா நிற முடிச்சு என்றதும் நினைவுக்கு வருவது கபோசி சார்கோமா. வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி 1872-ல் விவரித்தது. 1981-ல் அமெரிக்காவில் இளைஞர்களிடம் இது திடீரென்று பெருகியதுதான் எய்ட்ஸ் நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று. பிறகு 1994-ல் அதற்கு ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ் காரணம் என்று கண்டார்கள். அடுத்த குழப்பம், தோலிலேயே பிறக்கும் ஆஞ்சியோசார்கோமா. அது பெரும்பாலும் முதியவர்களின் தலையிலும் முகத்திலும் வரும். 1964-ல் லண்டனின் வில்சன் ஜோன்ஸ் அதைத் தெளிவாக விவரித்தார்.

நுண்ணோக்கியில் பார்த்தால் தோலில் பிறந்ததும் இதயத்திலிருந்து வந்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோணல்மாணலான ரத்தக்குழாய்கள், அவற்றின் சுவரில் பெருத்த கரு உள்ள செல்கள். சி.டி.-31, ஈ.ஆர்.ஜி. போன்ற சாயச் சோதனைகள் "இது ரத்தக்குழாய்ச் செல்தான்" என்று உறுதி சொல்லும். எந்த ஊர்க்காரன் என்று சொல்லாது! அதைச் சொல்வது நோயாளியின் கதைதான். வயது என்ன? முடிச்சு ஒன்றா பலவா? மூச்சு வாங்குகிறதா? இதய உறையில் நீர் இருந்ததா? இந்த நான்கு கேள்வி கேட்ட தோல் மருத்துவர் எக்கோ எடுக்கச் சொல்வார். கேட்காதவர் முடிச்சை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்.

தெரிந்து என்ன பயன்?

இதயத்தைத் திறக்காமல், ஒரு சிறு தோல் பயாப்சியிலேயே இதயப் புற்றின் பெயர் தெரிந்துவிடுகிறது. இதயத்தில் ஊசி விடுவது எவ்வளவு ஆபத்து என்று நினைத்தால் இது பெரிய லாபம். 1934-ல் பார்ன்ஸ் குழு செய்ததும் இதுதான்.

ஆனால் அன்று போலவே இன்றும் அந்த லாபத்தில் ஒரு நஷ்டம் கலந்திருக்கிறது. பரவாத நிலையில் முழுதாக வெட்டி எடுக்க முடிந்தவர்கள்தான் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஹூஸ்டனில் டென்டன் கூலி 1985-ல் ஒருவரின் இதயத்தையே வெளியே எடுத்து, கட்டியை அகற்றி, மறுபடி அதே மார்பில் பொருத்திக் காட்டினார். பின்னர் இந்த முறையை இடது மேலறை சார்கோமாக்களுக்கும் பயன்படுத்தினார்கள். பரவிவிட்டால் அறுவைக்கு அர்த்தம் குறைவு. பாக்லிடாக்ஸல் என்ற மருந்து ஆஞ்சியோசார்கோமாவைச் சில காலம் அடக்குகிறது என்று 2008-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. தோலில் இருக்கும் முடிச்சு சுருங்குவதை நோயாளியே கண்ணால் பார்க்கலாம். அந்த நிம்மதி சில மாதங்கள் நீடிக்கலாம். பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டு என்பதே நீண்ட காலம்.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. காசநோய் மருந்தையோ வேறெதையோ வீணாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இதய உறையில் நீர் சேர்ந்து திடீரென்று மூச்சு நிற்கும் முன் அதை வடிக்கலாம். சொல்லவேண்டியதை வீட்டாரிடம் சொல்ல, செய்யவேண்டியதைச் செய்ய அவகாசம் கிடைக்கும். பரவிவந்த கதை மரபணுவில் இருந்தால் தம்பி தங்கைகளைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு. பிணவறையில் தெரிந்துகொண்ட உண்மையால் இதில் எதுவும் அந்த நோயாளிக்குக் கிடைத்திருக்காது.

இதயம் நோய்வாய்ப்படாது என்று அரிஸ்டாட்டில் சொன்னது, அவருக்குக் காட்டப்பட்ட இதயங்களை மட்டும் அவர் பார்த்ததால். சிஸ்டர் மேரி ஜோசப் புதிதாக எந்தக் கருவியும் செய்யவில்லை. எல்லோரும் துடைத்துவிட்டுப் போன இடத்தை நின்று பார்த்தார். எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. புதிதாக வந்த ஒரு முடிச்சு ஆறாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், அதைத் தோல் விஷயம் என்று மட்டும் நினைத்து ஒதுக்கிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அது இதயப் புற்றாக இருக்காது. என்னவென்று தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.